பூசைக் காருக்கு ஒரு ஏர்பிரஷ்

எங்கள் கார் கம்பெனியின் பெயின்ட் ஷாப்பில் ஆயுத பூசைக்கு எந்த இயந்திரத்துக்கும் ஒரு பொட்டுக்கூட வைக்க முடியாது. சந்தனம் காய்ந்தால் உதிரும், குங்குமம் பறக்கும், பூவிலிருந்து தூள் கொட்டும். கண்ணுக்குத் தெரியாத ஒரு துணுக்கு ஈரப் பெயின்ட்டில் உட்கார்ந்தால் போதும், காரின் மொத்தக் கூரையையும் தேய்த்து மறுபடி அடிக்க வேண்டியிருக்கும். எண்ணெய் அதைவிட மோசம். யாராவது தலைக்குத் தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டு உள்ளே வந்துவிட்டால், அன்றைக்கு ஓடும் கார்களில் அம்மைத் தழும்பு மாதிரிக் குழி குழியாக விழும். வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே இதைத்தான் எங்களுக்குச் சொல்லித் தருவார்கள். பவுடர் கூடாது, எண்ணெய் கூடாது, கைக்குத் தடவும் கிரீம் கூடாது.

வெல்டிங் ஷாப்பில் ரோபோவுக்கு வாழைக்கன்று கட்டுகிறார்கள். அசெம்பிளியில் ஸ்பேனருக்கெல்லாம் சாமந்தி சுற்றுகிறார்கள். நாங்கள் மட்டும் சும்மா நிற்க முடியுமா? அதற்காகத்தான் சின்னக் கார். கடையில் பாகம் பாகமாகக் கிடைக்கும் கையகல பிளாஸ்டிக் காரை வாங்கி, ஒட்டி, நாங்களே பெயின்ட் அடித்து, செருப்பு மாற்றும் அறைக்கு வெளியே ஒரு மேசையில் வைப்போம். அதற்கு வைக்கிற பொட்டு உள்ளே இருக்கும் எல்லா இயந்திரத்துக்கும் வைத்த மாதிரி. யார் தொடங்கிய வழக்கம் என்று தெரியாது. சாமி ஏற்றுக்கொள்ளும் என்பதில் எங்களில் யாருக்கும் சந்தேகம் இல்லை.

போன வருடம் அந்தக் காருக்கு நாகப்பன் அண்ணன் பெயின்ட் அடித்தார். வடக்குப்பட்டுக்காரர். பன்னிரண்டு வருடமாக எங்கள் லைனில் காரின் இடுக்குகளுக்குப் பசை அடிக்கிறவர். மூன்று ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து, சின்ன பிரஷ்ஷால் வெள்ளை அடித்துக் கொண்டுவந்தார்.

என் வேலை கடைசி இன்ஸ்பெக்‌ஷன். விளக்குக்குக் கீழே நின்று குறை கண்டுபிடிப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம். வேலை நேரம் முடிந்த பிறகும் கண் அடங்காது. மேசையில் காரைப் பார்த்ததும் பிரஷ் இழுத்த கோடுகள்தான் தெரிந்தன. யோசிப்பதற்கு முன்னால் வாய் பேசிவிட்டது.

"என்னண்ணே, காருக்கு வெள்ளையடிச்சுட்டீங்களா?"

சுற்றி நின்ற நாற்பது பேரும் சிரித்தார்கள். நானும்தான். கற்பூரம் ஏற்றுவதற்கு முன்பே நாகப்பன் அண்ணன் செருப்பைப் போட்டுக்கொண்டு போய்விட்டார். அடுத்த வாரம் அவருக்கு 'சுண்ணாம்பு' என்று பெயர் வந்துவிட்டது. கம்பெனி பஸ்ஸில் வெல்டிங் ஷாப் ஆட்கள், "சுண்ணாம்பு ஏறிட்டாரா? வண்டிய எடு" என்பார்கள். அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வார்.

மார்ச் மாதம் தண்ணீர் குடிக்கும் இடத்தில் அவரைப் பிடித்து மன்னிப்புக் கேட்டேன். "அதெல்லாம் இன்னாத்துக்குமா, உடு" என்றார். சொன்னாரே தவிர அவர் விடவில்லை. அதற்குப் பிறகும் என்னிடம் வண்டி நம்பர், 'சரி', 'இல்ல', இந்த மூன்றைத் தவிர வேறு பேச்சு இல்லை. இந்த வருடப் பூசைக்கு அவர் எங்களோடு நிற்க வேண்டும். நான் பெருமாளிடம் கேட்டதெல்லாம் அது ஒன்றுதான்.

ஆகஸ்டு கடைசியில் காலை மீட்டிங்கில் சூப்பர்வைசர் பரசுராமன் சார், பூசைக் காரை யார் அடிப்பது என்று கேட்டார். நான் கையைத் தூக்கினேன்.

"நாகப்பன் அண்ணனே அடிக்கட்டும் சார். பிரஷ் வேண்டாம், ஏர்பிரஷ் வாங்குவோம். பேனா மாதிரி சின்ன ஸ்பிரே கன். கோடு விழாது."

எல்லோரும் அவரைப் பார்த்தார்கள். அவர் தன் ஷூவைப் பார்த்தார். "மிஷின் ஒயுங்கா இருந்தா பாக்கலாம்" என்றார். ஒரு வருடத்தில் நான் அவரிடமிருந்து கேட்ட மிக நீளமான வாக்கியம் அதுதான்.

"அப்போ செல்வி, நீயே செலக்ட் பண்ணு" என்றார் சார். "ஒரு கம்பேரிசன் சார்ட் மட்டும் போட்டுடு."

தலைவலி அங்கே தொடங்கியது.

ஏர்பிரஷ்ஷை நான் கையால் தொட்டது கிடையாது. எங்களில் யாரும் தொட்டது கிடையாது. ஆனால் அது பெயின்ட் ஷாப். பெயின்ட் பற்றித் தெரியாது என்று சொல்ல அங்கே ஒருவருக்கும் வாய் வராது. கேன்டீனில் நான் சாம்பார் சாதத்தை வாயில் வைப்பதற்குள் மூன்று பேர் எதிரே உட்கார்ந்தார்கள். பெயின்ட் கலக்கும் அறையில் வேலை பார்க்கும் இளம்பரிதி, "அக்கா, ஓட்டை எவ்ளோ சின்னதோ அவ்ளோ ஃபைன். பாயின்ட் டூ எம்எம் எடு" என்றான். பக்கத்தில் இருந்தவர், பாயின்ட் ஃபைவுக்குக் கீழே எடுத்தால் அது கொசு மருந்துக்குத்தான் ஆகும் என்றார். கை கழுவும் இடத்தில் ஒருவர் பெயின்ட் கிண்ணம் கீழே தொங்க வேண்டும் என்றார். கை துடைக்கும் இடத்தில் இன்னொருவர் அது மேலே இருக்க வேண்டும் என்றார். இருவரும் ஏர்பிரஷ்ஷைப் படத்தில்கூடப் பார்த்ததில்லை என்று பிறகு தெரிந்தது.

பரசுராமன் சார் சார்ட்டில் பதினொரு கட்டம் போடச் சொன்னார். அதில் ஒன்று 'சப்ளையர் ஆடிட்', அதாவது தயாரிக்கிற கம்பெனிக்கே போய்ச் சோதிப்பது.

"சார், இது பேனா அளவுதான் இருக்கும்."

"பேனாவா இருந்தாலும் ப்ராசஸ் ப்ராசஸ்தான்மா."

இன்டர்நெட் அதற்கும் மேல். ஒரே கன்னைப் பற்றி ஒருத்தர் 'கடவுள் கொடுத்த வரம்' என்று எழுதியிருந்தார். அதற்குக் கீழேயே இன்னொருத்தர் 'குப்பையில் போட்டுவிட்டேன்' என்று எழுதியிருந்தார். ஒரு வெள்ளைக்காரர் நாற்பது நிமிட வீடியோ போட்டிருந்தார். அதில் பாதி நேரம் அவர் நாய் குறுக்கே வந்துகொண்டே இருந்தது. அந்த நாயை எனக்கு இப்போது நன்றாகத் தெரியும்.

மூன்று வாரம் இப்படிப் போயிற்று. ஒரு சனிக்கிழமை ஸ்ரீபெரும்புதூர் கோயிலில் சேவித்துவிட்டு ஒரு தூணோரம் உட்கார்ந்தேன். பெருமாள் ஒருவர்தான் இந்த விஷயத்தில் எனக்கு யோசனை சொல்லாதவர். அந்த அமைதியில்தான் எனக்குப் புத்தி வந்தது. இதைப் பிடிக்கப் போவது யார் கை? நாகப்பன் அண்ணன் கை. பழகாத கை, தடித்த கட்டைவிரல். பாயின்ட் டூ என்றால் பெயின்ட் கொஞ்சம் கெட்டியானாலும் அடைத்துக்கொள்ளும். பாயின்ட் ஃபைவ் என்றால் வாரி இறைக்கும். பாயின்ட் த்ரீ போதும். கிண்ணம் மேலே இருந்தால் நாலு சொட்டுப் பெயின்ட்டே தானாக இறங்கும். லீவரை அழுத்தினால் காற்று, பின்னால் இழுத்தால் பெயின்ட். அந்த வகைதான் வேண்டும். பழக ஒரு வாரம் ஆகும், ஆனால் எவ்வளவு வர வேண்டும் என்பது கையின் பொறுப்பில் இருக்கும். காற்று விட்டு விட்டு வராமல் இருக்க, சின்ன டேங்க் வைத்த கம்ப்ரஸர். அவ்வளவுதான். சார்ட்டின் பதினொரு கட்டத்தில் ஒன்பதில் 'ஓகே' என்று எழுதிக் கொடுத்தேன்.

பார்சல் சுங்குவார்சத்திரத்தில் நான் வாடகைக்கு இருக்கும் வீட்டுக்கு வர வேண்டும். டெலிவரிக்காரர் போன் செய்து கத்தினார். "டீக்கட பக்கத்துலன்னு போட்டுகிறியேமா, இங்க ஒம்போது டீக்கட கீது. எந்த டீக்கட?" ஒன்பதில் எட்டைப் பார்த்துவிட்டுத்தான் அவர் வந்து சேர்ந்தார். மோர் கொடுத்தேன். குடித்துவிட்டுக் கோபம் தணிந்து போனார்.

அன்று சாயங்காலம் நானும் இளம்பரிதியும் பெட்டியைப் பிரித்தோம். கன் அழகாக இருந்தது. உள்ளே பெயின்ட்டை அளந்து விடும் ஊசியை உருவினேன். விரலில் வழுவழுப்பு.

"இளம்பரிதி. எண்ணெய்!"

"ஐயோ அக்கா, கீழ வை!"

பெட்டிக்குள் ஒரு குட்டி பாட்டிலும் இருந்தது. இளம்பரிதி வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தான். அதுவும் எண்ணெய். பாம்புக் குட்டியைப் பிடிப்பது போல இரண்டு விரலால் பிடித்துக்கொண்டு படி இறங்கிப் போய், ரோட்டுக்கு அந்தப் பக்கம் குப்பைத் தொட்டியில் போட்டுவிட்டு வந்தான். "கை கழுவிட்டேன் அக்கா" என்றான், நான் கேட்பதற்கு முன்பே. பிறகு ஊசி, லீவர், ஸ்பிரிங் எல்லாவற்றையும் தின்னர் தொட்ட துணியால் மூன்று தரம் துடைத்தோம். ஷாப்பில் எப்படித் துடைப்போமோ அப்படி. துளி எண்ணெய் இல்லை. எங்கள் வேலையில் எங்களுக்கே பெருமையாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு நாகப்பன் அண்ணன் பைக்கில் வந்தார். சலவைச் சட்டை. ஞாயிறுகளில் எண்ணெய் வைத்துப் படிய வாரியிருப்பவர், அன்றைக்கு எண்ணெய் இல்லாமல் முடி பறக்க வந்திருந்தார். அதைப் பார்த்து எனக்கு நெஞ்சு நிறைந்தது. மொட்டை மாடியில் கம்ப்ரஸரை வைத்து, சோதனைக்குப் பிளாஸ்டிக் ஸ்பூன்களை அடுக்கினோம். ஸ்பூனின் முதுகு கார் கதவு போலவே வளைந்திருக்கும்.

அவர் லீவரை இழுத்தார். வரவில்லை. இன்னும் கொஞ்சம் இழுத்தார். வரவில்லை. இன்னும் கொஞ்சம். வெடுக்கென்று முழுதாகப் பின்னால் போய், ஸ்பூனில் கோழி எச்சம் மாதிரி ஒரு திட்டு விழுந்தது. ஏழு ஸ்பூன். ஏழிலும் அதேதான்.

"என் பிரஷ்ஷே தேவலமா" என்றார். டீயை முழுதாகக் குடித்துவிட்டுத்தான் போனார். அது ஒன்றுதான் ஆறுதல்.

வாங்கிய இடத்துக்குப் போன் போட்டேன்.

"மேடம், பாக்ஸ் ஓப்பன் பண்ணீங்களா?"

"திறக்காம எப்பிடிங்க பெயின்ட் அடிக்கிறது?"

"ஓப்பன் பண்ணா ரிட்டர்ன் இல்ல மேடம்."

மூன்று நாள், நான்கு பேர், ஒரே பாட்டு. கடைசியில் ஒரு பெண், என் குரலில் அழுகை வருவது தெரிந்தோ என்னவோ, மாற்றுக் கன் அனுப்ப ஏற்பாடு செய்தாள். அவள் குடும்பம் நன்றாக இருக்க வேண்டும். இரண்டாவது கன் வந்தது. அதிலும் எண்ணெய். இன்னும் அக்கறையாகத் துடைத்தோம். அந்தப் பாட்டிலும் குப்பைத் தொட்டிக்குப் போயிற்று.

அடுத்த ஞாயிறு பதினொரு ஸ்பூன். பதினொன்றிலும் திட்டு. இந்தத் தடவை அவர் குறையே சொல்லவில்லை. தன் கட்டைவிரலை ஒரு தரம் பார்த்துக்கொண்டார். படி இறங்கும்போது நின்றார்.

"செல்வி, இந்த வருசம் வேற யார்னா அடிக்கட்டும். மறுபடியும் ஒரு பேரு வாங்க எனக்குத் தெம்பு இல்ல."

பூசைக்கு இன்னும் பத்து நாள்.

திங்கட்கிழமை பரசுராமன் சார் ஒரு தாளை நீட்டினார். ஏன், ஏன் என்று ஐந்து தரம் கேட்டுக் காரணம் கண்டுபிடிக்கும் தாள்.

"ஏன் துப்புது?"

"லீவர் மாட்டுது சார்."

"ஏன் மாட்டுது?"

"தெரியல சார்."

"தெரியலன்னு எழுதக் கூடாதுமா."

எனக்கு வந்த எரிச்சலுக்கு அந்தத் தாளைக் கிழித்துப் போட்டிருப்பேன். சாரும் பாவம், உதவுவதாக நினைத்துத்தான் கேட்கிறார் என்று மடித்துப் பையில் வைத்தேன். சப்ளையர் தரம் சரியில்லை என்று அன்று முழுக்க எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

வியாழக்கிழமை ஷிப்ட் முடிந்து சுங்குவார்சத்திரத்தில் இறங்கினேன். என்னோடு தங்கியிருக்கும் பெண்ணுக்குப் பிறந்த நாள். பஸ் நிறுத்தத்துக்கு எதிரில் ஷாரோனின் கேக் கடை இருக்கிறது. மூன்று வருடமாக அங்கே பன் வாங்குகிறேன். உள்ளே நுழையப் போனவள் வாசலிலேயே நின்றுவிட்டேன். ஷாரோன் ஒரு கேக்கின் மேல் குனிந்து, மெல்லிய நீலம் அடித்துக்கொண்டிருந்தாள். வானம் மாதிரி, ஓரத்தில் அடர்ந்து நடுவில் வெளுத்து. அவள் கையில் இருந்தது என் ஏர்பிரஷ். அதே கம்பெனி, அதே மாடல்.

"ஷாரோன், இது துப்பாதா?"

"இன்னாத்துக்குக்கா துப்பப் போவுது? நாலு வருசமா இதுலதான் அடிக்கிறேன்."

நான் கதையைச் சொன்னேன். ஹெல்மெட்டைக் கையில் மாட்டிக்கொண்டு ஒருவர் அந்தக் கேக்குக்காகக் காத்திருந்தார். ஷாரோன் கன்னைக் கீழே வைத்தாள்.

"வூட்டுக்குப் போயி எடுத்துக்கினு வாங்கக்கா. பாப்போம்."

"என் கேக்கு?" என்றார் ஹெல்மெட்காரர்.

"நீலம் காயணும்ணா. பத்து நிமிசம் உக்காருங்க."

அவர் உட்கார்ந்தார். வீட்டில் அவருக்காகவும் யாரோ காத்திருந்திருப்பார்கள். அந்தப் பத்து நிமிடத்தை முகம் சுளிக்காமல் எனக்குக் கொடுத்தார்.

ஓடிப் போய் எடுத்து வந்தேன். ஷாரோன் லீவரை ஒரு தரம்தான் இழுத்தாள்.

"இன்னாக்கா, இப்டி காஞ்சு கெடக்குது? எண்ணெ போடலையா?"

நான் நிஜமாகவே ஓரடி பின்னால் போனேன். "எண்ணெயா? பெயின்ட்ல எண்ணெ பட்டா…"

"பெயின்ட்ல யாரு போடச் சொன்னா? பெயின்ட் முன்னாடி ஓடுது. எண்ணெ இந்தப் பின்பக்கம், லீவரும் ஊசியும் உரசற எடத்துல. நடுவுல ரப்பர் கீது, தாண்டாது. தையல் மிஷினுக்குப் போட மாட்டீங்க? டப்பாலயே ஒரு குட்டி பாட்டில் வந்திருக்குமே?"

"வந்துச்சு."

"எங்க?"

"தூக்கிப் போட்டுட்டோம்."

"ரெண்டு டப்பா வந்துச்சுன்னீங்க?"

"ரெண்டையும்."

ஹெல்மெட்காரர் சிரித்துவிட்டார். ஷாரோன் சிரிக்கவில்லை. நான் ஒரு வருடத்துக்கு முன்னால் செய்யாததை அவள் செய்தாள் என்று அந்த நொடியில் உறைத்தது.

கேக் வேலை என்பதால் அவள் எண்ணெய்க்குப் பதில் கிளிசரின் வைத்திருந்தாள். விரல் நுனியில் ஒரு சொட்டு எடுத்து ஊசியின் பின்பாதியில் தடவி மாட்டினாள். லீவர் வெண்ணெய் போல நகர்ந்தது. ஒரு அட்டையில் முடி போல மெல்லிய நீலக் கோடு போட்டுக் காட்டினாள். பிறகு காலி எசன்ஸ் பாட்டிலில் கொஞ்சம் கிளிசரின் ஊற்றிக் கொடுத்தாள். "தின்னர்ல ஊற வெக்காதீங்கக்கா, ரப்பர் உப்பிக்கும். உங்க அண்ணனுக்காக ஜெபம் பண்ணிக்கிறேன்." பிறந்த நாள் கேக் வாங்க மறந்து வீடு வரை போய், திரும்பி வந்து வாங்கினேன்.

மிஷின் சரியாகிவிட்டது என்று நாகப்பன் அண்ணனிடம் தனியாகச் சொல்லியிருக்கலாம். அதுதான் எனக்கு வசதி. ஆனால் அவர் தன் கட்டைவிரலைப் பார்த்த பார்வை நினைவில் இருந்தது. நான் ஊரெல்லாம் சப்ளையரைத் திட்டிக்கொண்டிருந்தபோது, அவர் தன் கையையே சந்தேகப்பட்டுக்கொண்டிருந்தார். கேலி நாற்பது பேர் முன்னால் நடந்தது. மன்னிப்பை மட்டும் தண்ணீர் டேப்புக்குப் பக்கத்தில் கேட்டால் எப்படிக் கணக்குத் தீரும்?

வெள்ளிக்கிழமை காலை மீட்டிங்கில் சொன்னேன். "சார், மிஷின் நல்ல மிஷின். போட வேண்டிய எண்ணெய நான்தான் துடைச்சுக் கெடுத்தேன். ரெண்டு தடவையும். கேக் கடையில ஒரு சொட்டு கிளிசரின் வெச்சதும் சரியாயிடுச்சு. அண்ணன் கையில குறை இல்ல."

இளம்பரிதி தலையைக் குனிந்துகொண்டே கையைத் தூக்கினான். "பாட்டில தூக்கிப் போட்டது நான் சார்."

கூரை அதிரச் சிரிப்பு. "இன்ஸ்பெக்‌ஷன் அக்காவே ரிஜெக்ட்!" என்றான் ஒருவன். சிரிப்பு அடங்கும் வரை நின்றேன்.

"போன வருசம் அண்ணன் மூணு ஞாயித்துக்கிழம உக்காந்து அடிச்ச கார ஒரே வார்த்தையில கேலி பண்ணேன். அவர் அடிச்சதுல கோடு இருந்துச்சு, ஆனா பூசைக்குக் கார் இருந்துச்சு. நான் இந்த வருசம் ஒரு ஸ்பூன்கூட உருப்படியா கொண்டாரல."

சாயங்காலம் நான் பஸ் படியில் கால் வைத்ததும் வெல்டிங் ஷாப் ஆட்கள் பக்கமிருந்து குரல் வந்தது. "கிளிசரின் ஏறிடுச்சா? வண்டிய எடு!"

"ஏறிருச்சுண்ணே" என்றேன். சுருக்கென்றுதான் இருந்தது. ஒரு நாளைக்கே இப்படி என்றால், அவர் ஒரு வருடம் சுமந்திருக்கிறார்.

என் ஸ்டாப்பில் இறங்க எழுந்தபோது நாகப்பன் அண்ணன் சீட்டிலிருந்து என்னைப் பார்த்து முறைத்தார்.

"உன்ன யாரு மீட்டிங்ல பேசச் சொன்னது? அவனுங்க மறந்துட்டத எல்லாம் ஞாபகப்படுத்தினு."

"யாரும் மறக்கலண்ணே."

அவர் ஜன்னல் பக்கம் திரும்பினார். "அது செரி" என்றார். பஸ் நின்றது. "ஞாயித்துக்கெயம வர்றேன். வெள்ளதான் அடிப்பேன். செவப்பு, ஊதான்னு எதுனா சொன்ன, வர மாட்டேன்."

"வெள்ளையே அடிங்கண்ணே."

வந்தார். லீவரை இழுத்தார். ஸ்பூன் மேல் வெள்ளை, மூச்சுவிட்ட மாதிரி மெல்லப் படிந்தது. இன்னொரு ஸ்பூன் எடுத்தார். அப்புறம் இன்னொன்று.

பதினோரு மணிக்குள் கார் முடிந்துவிடும் என்று நினைத்திருந்தேன். பன்னிரண்டு ஆயிற்று. மாடிச் சுவர் நெடுக முப்பது ஸ்பூன் காய்ந்துகொண்டிருந்தது. காரின் உடம்பு பிரிக்காத கவரிலேயே இருந்தது.

"அண்ணே, காரு."

"இரு."

"இந்த ஸ்பூன் ஓகேதானண்ணே?"

"எங்க ஓகே? வெளிச்சத்துல காட்டு. ஓரத்துல வயிஞ்சுகீது பாரு. இத்த நீ பாஸ் பண்ணுவியா?"

பாஸ் பண்ண மாட்டேன்தான். ஒன்பது வருடமாக இன்ஸ்பெக்‌ஷனில் இருக்கும் என்னிடம் என் வேலையையே காட்டுகிறார். ஒரு மணிக்கு இளம்பரிதி கம்ப்ரஸர் பெட்டியில் தலை வைத்துத் தூங்கிவிட்டான். நான் சோறு வடித்து மேலே கொண்டுவந்தேன். ஒரு கையால் சாப்பிட்டுக்கொண்டே மறு கையில் ஸ்பூனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். இரண்டரைக்குத்தான் காரை எடுத்தார். மெல்லியதாக ஒரு கோட். காய வேண்டும். இன்னொரு கோட். காய வேண்டும். நடுவில் நான் வாயைத் திறந்தால் "பேசாத, எச்சி தெறிக்கும்" என்றார். இவரோடு பேச்சு வார்த்தை வர வேண்டும் என்று ஒரு வருடம் வேண்டிக்கொண்டவளை இப்போது பேசாதே என்கிறார்.

ஐந்தரைக்குக் காரை அட்டைப் பெட்டியால் மூடி வைத்தார். கன்னைக் கழுவி, கிளிசரின் ஒரு சொட்டு வைத்தார். கட்டைவிரலில் ஒட்டியிருந்த வெள்ளையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு, பெட்டியையே பார்த்தபடி கேட்டார்.

"பூச எத்தினி மணிக்கு?"

பன்னிரண்டு வருடமாக அதே நேரம்தான்.

"பத்தரைக்குண்ணே."

"ஒம்போதுக்கே வந்துர்றேன். இல்லன்னா இவன் சந்தனத்த அள்ளி அப்பிடுவான்" என்று தூங்கும் இளம்பரிதியைக் காட்டினார். பைக் சாவியை எடுத்தார். இரண்டு படி இறங்கி மறுபடி மேலே வந்தார்.

"ஸ்பூன் எதுனா மிச்சம் கீதா?"

"அண்ணே, இருட்டப் போகுதுண்ணே!"

"ஒண்ணே ஒண்ணு."

இரண்டு இருந்தது. கொடுத்தேன்.